அந்தப் பையனை ஏன் யாரும் பார்க்கவில்லை?

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மெல்பர்னின் தென்கிழக்கே டாண்டினாங்கில் இருக்கும் ஷெப்லி ஓவலில் காலையிலிருந்து விட்டு விட்டு மழை. 18 வயதுக்குட்பட்டோர் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆட்டம். மூன்றாவது குவார்ட்டர் முடியப் போகிறது, வெளியூர் அணி 60 புள்ளிக்கு மேல் பின்தங்கிவிட்டது. நான் பார்க்கப் போனது உள்ளூர் அணியின் மிட்ஃபீல்டில் ஆடிய ஒரு பையனை. அந்த வருடம் அவன் பெயர் எல்லோர் வாயிலும் இருந்தது. இந்த ஆட்டத்தின் உச்ச லீக்கான ஏ.எஃப்.எல் கிளப்புகளின் சின்னம் போட்ட ஜாக்கெட்டுகள் ஏழெட்டு, கூரைக்குக் கீழே வரிசையாக நின்றுகொண்டிருந்தன. எல்லாம் அவனுக்காக வந்தவைதான்.

வெளியூர் அணியின் பின்வரிசையில், பாக்கெட் என்று சொல்லும் கோல் பக்கத்து ஓர மூலையில், ஒல்லியாக ஒரு பையன். 42-ம் எண். பந்து கைக்கு வந்ததும் அவசரப்பட்டு உதைத்தான். ஈரப்பந்து காலில் சரியாகப் படவில்லை, நேராக எதிராளியின் மார்புக்குப் போய்விட்டது. 60 புள்ளி பின்தங்கிய அணியில் அந்த நேரத்தில் பெரும்பாலான பையன்கள் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவார்கள். இவன் நிற்கவில்லை. உதைத்த கால் தரையில் படுவதற்குள் ஓடத் தொடங்கிவிட்டான். பந்து ஒரு கை மாறி, இன்னொரு கை மாறி, மூன்றாவது ஆளிடம் போவதற்குள் குறுக்கே பாய்ந்து இடுப்பைப் பிடித்துச் சாய்த்தான். பந்து நழுவியது. எழுந்து, அடுத்து வந்த உயரப் பந்தை முஷ்டியால் எல்லைக்கு வெளியே குத்தித் தள்ளினான். அப்புறம், தன்னைத் திட்டிக்கொண்டிருந்த சக ஆட்டக்காரனின் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் நின்றான்.

நோட்டின் மூலையில் "42, மறுபடி பார்" என்று எழுதினேன். மறுபடி பார்க்கவில்லை. அடுத்த வாரம் வேறு ஊர், அதற்கடுத்த வாரம் வேறு பையன். இரண்டு வருடம் கழித்து புதுமுகங்களை கிளப்புகள் கடைசியாகத் தேர்ந்தெடுக்கும் ரூக்கி டிராஃப்ட் பட்டியலில் அவன் பெயரைப் படித்தபோது அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். மழைத்துளி விழுந்து பரவிய மையோடு அந்தக் குறிப்பு அங்கேயே இருந்தது. இளம் ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்க்கும் இந்த வேலையை எட்டு சீசன் செய்ததில் நான் கற்றதெல்லாம் அந்த மூலையிலிருந்துதான் தொடங்குகிறது.

நான் தொழில்முறை ரெக்ரூட்டர் இல்லை. வார நாட்களில் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. மகனைச் சிறுவர்களுக்கான ஆஸ்கிக் பயிற்சிக்குக் கூட்டிப் போனதில் தொடங்கியது எல்லாம். முதலில் உள்ளூர் கிளப்பில் தண்ணீர் பாட்டில் சுமந்தேன், பிறகு ஆட்டப் புள்ளிவிவரம் குறித்துக் கொடுத்தேன். அதைப் பார்த்த ஒருவர், மாநில லீக்கான வி.எஃப்.எல் அணி ஒன்றுக்காக வார இறுதியில் இளைஞர் ஆட்டங்களைப் பார்த்து அறிக்கை எழுத முடியுமா என்று கேட்டார். பெட்ரோல் காசு தருவார்கள். அவ்வளவுதான். "ஏங்க, இந்த வாரமும் கிளம்பிட்டீங்களா?" என்று மனைவி கேட்காத சனிக்கிழமை குறைவு. ஆனாலும் ஃபிளாஸ்க்கில் டீ ஊற்றிக் கொடுத்துவிடுவார்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. முட்டை வடிவ மைதானம், 135 முதல் 185 மீட்டர் வரை நீளம், பக்கத்துக்கு 18 பேர். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள்; நடுவில் உள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் 6 புள்ளி, அவற்றுக்கும் ஓரக் கம்பத்துக்கும் இடையே போனால் 1. ஏ.எஃப்.எல்லில் 18 கிளப்புகள். ஒவ்வொரு நவம்பரிலும் நடக்கும் டிராஃப்டில், புள்ளிப் பட்டியலில் கீழே முடித்த கிளப் முதலில் ஒரு பையனைத் தேர்ந்தெடுக்கும், சாம்பியன் கடைசியில் தேர்ந்தெடுக்கும். பணக்கார கிளப் நல்ல ஆட்களை எல்லாம் வாரிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக 1986-ல் வந்த ஏற்பாடு இது. பையன் கேட்ட கிளப் கிடைக்காது. கூப்பிட்ட கிளப்புக்குப் போக வேண்டும், அது 3,000 கிலோமீட்டர் தள்ளிப் பெர்த்தில் இருந்தாலும்.

முதல் சுற்றுப் பையன்களை யாரும் "கண்டுபிடிப்பது" இல்லை. 15 வயதிலிருந்தே அவர்களை எல்லோருக்கும் தெரியும். உழைப்புக்கு வேலை வருவது 40-வது பிக்குக்கு (தேர்வு வரிசை எண்ணுக்கு) அப்புறம், ரூக்கி டிராஃப்டில், சீசன் நடுவே மே, ஜூன் வாக்கில் நடக்கும் மிட்-சீசன் டிராஃப்டில். அங்கே கிடைத்தவர்களைப் பாருங்கள். எஸண்டனின் ஜேம்ஸ் ஹர்ட் 1990-ல் 79-வது பிக். 1996-ல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை மைக்கேல் வாஸுடன் பகிர்ந்துகொண்டார். 2001 டிராஃப்டை இன்றும் பேசுவார்கள். முதல் மூன்று பிக் லூக் ஹாட்ஜ், லூக் பால், கிறிஸ் ஜட். மூவருமே பெரிய பெயர்கள். ஆனால் அதே டிராஃப்டில் 36-வது பிக் சாம் மிட்செல், 58-வது டேன் ஸ்வான், 71-வது பிரையன் லேக். மிட்செலுக்கும் ஸ்வானுக்கும் பிரவுன்லோ கிடைத்தது. லேக் 2013 கிராண்ட் ஃபைனலில் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் வாங்கினார். பத்து வருடம் கழித்து, 2011-ல், மறுபடியும் 58-வது பிக்கில் ஃப்ரீமேன்டில் ஒரு குள்ளமான பையனை எடுத்தது. அவர்தான் லாக்கி நீல். பிரிஸ்பேனுக்கு மாறிப்போன பிறகு 2020, 2023 இரண்டு வருடமும் பிரவுன்லோ அவருக்குத்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, கடைசிப் பிக் என்பது லாட்டரிச் சீட்டு என்று நினைத்துக்கொண்டுதான் நானும் முதல் வருடம் மைதானம் மைதானமாகத் திரிந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் ஒரு பெரியவர். 30 வருடத்துக்கு மேல் ஆட்டம் பார்ப்பதே வேலையாக இருந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் விடாமல் வந்துகொண்டிருந்தார். மோர்வெல் மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பையனைக் காட்டி, "இவன் நல்ல ஆட்டக்காரனா?" என்று கேட்டேன். "அந்தக் கேள்வியை 18 கிளப்பும் கேட்டாச்சு. நீ வேறு கேள்வி கேள். இவன் நல்லவன் என்றால், இன்னும் ஏன் நம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறான்? எது இவனை மறைத்திருக்கிறது? அந்த மறைப்பு விலகுமா, விலகாதா?"

இந்த மூன்று கேள்விதான். அன்றிலிருந்து என் அறிக்கைகளில் திறமைப் பட்டியலுக்கு மேலே "மறைத்தது எது" என்று ஒரு கட்டம் போட்டுக்கொண்டேன். அந்தக் கட்டத்தில் எதுவும் எழுத முடியவில்லை என்றால் பெரும்பாலும் அந்தப் பையனிடம் மறைந்து கிடப்பதும் எதுவும் இல்லை. எல்லோரும் பார்த்துவிட்டார்கள், சரியாகத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள்.

மறைப்புகளில் மிகச் சாதாரணமானது பிறந்த மாதம். டிசம்பர் 31-க்குள் 18 வயது நிரம்பும் பையன்கள் அந்த வருட டிராஃப்டுக்குத் தகுதி பெறுவார்கள். ஆக, ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். நவம்பரில் பெயர் கூப்பிடும்போது ஒருவனுக்கு 18 வயது 10 மாதம், இன்னொருவனுக்கு 18 கூட ஆகியிருக்காது. அந்த வயதில் பதினோரு மாதம் என்பது தோளிலும் தொடையிலும் தெரியும் வித்தியாசம். பெரிய உடம்புக்காரன் மோதி ஜெயிப்பதைப் பார்த்து "பலசாலி" என்று எழுதிவிட்டு, சின்ன உடம்புக்காரன் சரியான இடத்தில் நின்றும் தள்ளப்பட்டதைப் பார்த்து "பலம் போதாது" என்று எழுதிவிடுகிறோம். இரண்டாமவனுக்குக் கிடைக்க வேண்டியது காலம் மட்டும். அது எப்படியும் வந்துவிடும். இடத்தைப் படிக்கும் கண் அப்படித் தானாக வருவதில்லை. அதனால் எந்த ஆட்டத்துக்குப் போனாலும் முதலில் பிறந்த தேதிப் பட்டியலை வாங்கி, செப்டம்பருக்குப் பிறகு பிறந்தவர்களின் எண்களைச் சுற்றி வட்டம் போடுவேன். இதற்குக் காசும் வேண்டாம், அனுபவமும் வேண்டாம்.

வளர்த்தி இன்னொன்று. ஒரு தடவை ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் ஒரு பையன் பள்ளி ஸ்வெட்டரோடு நின்றுகொண்டிருந்தான். கை மணிக்கட்டு ஸ்வெட்டருக்கு வெளியே நான்கு விரல்கடை நீண்டிருந்தது. கால்சட்டையின் ஓரத்தைப் பிரித்து இறக்கித் தைத்திருந்தார்கள். பழைய மடிப்பு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, அதற்கு மேலே இன்னொரு பழைய கோடு. ஒரே வருடத்தில் இரண்டு தடவை இறக்கியிருக்கிறார்கள். அன்று மைதானத்தில் அவன் இரண்டு முறை தன் கால் தடுக்கியே விழுந்தான். "ஒத்திசைவு இல்லை" என்று நான் எழுதி வைத்திருந்ததைக் காரில் உட்கார்ந்து அடித்துவிட்டு, "வேகமாக வளர்கிறான், உடம்பு இன்னும் பழகவில்லை, ஆறு மாதம் கழித்துப் பார்க்கவும்" என்று எழுதினேன். அவன் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தபோது, பையனின் மாமாக்கள் எல்லோரும் ஆறரை அடி என்றார். இந்த மாதிரித் தகவல் எந்தப் புள்ளிவிவரத் தாளிலும் இருக்காது.

உயரமான பையன்களுக்கு, அதுவும் நடுவில் குதித்துப் பந்தைத் தட்டும் ரக்மேன்களுக்கு, பொறுமை இல்லாத கிளப் லாயக்கில்லை. மெல்பர்ன் அணியின் மேக்ஸ் கான் 208 சென்டிமீட்டர் உயரம், 2009-ல் 34-வது பிக். சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட கௌரவ அணியான ஆல்-ஆஸ்திரேலியனுக்கு முதல் தடவை வந்தது 2016-ல். 2021-ல் கேப்டனாக நின்று, கோப்பைக்கான அந்த கிளப்பின் 57 வருடக் காத்திருப்பை முடித்து வைத்தார். டீன் காக்ஸ், ஆரன் சாண்டிலேண்ட்ஸ் இருவரும் ரூக்கிகளாக உள்ளே வந்தவர்கள். வெஸ்ட் கோஸ்டின் ஜெரமி மக்கவர்ன் ரூக்கி டிராஃப்டில் எடுக்கப்பட்டு, 2014 வரை முதல் ஆட்டத்துக்குக் காத்திருந்தார். 2018 கிராண்ட் ஃபைனலின் கடைசி நிமிடங்களில் அவர் உயர எழும்பிப் பிடித்த அந்த மார்க்கிலிருந்துதான் டாம் ஷீட்டின் வெற்றி கோல் வரைக்கும் பந்து போனது. அதனால் உயரமான பையனைச் சிபாரிசு செய்யும்போது எத்தனை வருடம் ஆகும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். எழுதாவிட்டால் இரண்டாவது வருடமே அவனை வெளியே அனுப்பிவிடுவார்கள், வேறு ஏதாவது கிளப் பலனை அறுவடை செய்யும்.

ஒருமுறை கழிக்கப்பட்டது ஒரு மறைப்பு. என் பார்வையில் இதுதான் இருப்பதிலேயே வளமான நிலம், இதைத்தான் நாங்கள் மிகக் குறைவாக உழுகிறோம். 18 வயதில் ஒரு பையனை யாரும் எடுக்காவிட்டால் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி விழுந்துவிடுகிறது. அடுத்த வருடம் அவன் எவ்வளவு மாறினாலும் அந்தக் குறியைத்தான் முதலில் பார்க்கிறோம். சாம் மிட்செல் 2000-ல் கழிக்கப்பட்டவர், "வேகம் போதாது" என்று. மாட் பிரிடிஸ் டிராஃப்டுக்கு மேல் டிராஃப்டாகத் தாண்டிப் போகப்பட்டு, கடைசியில் வெஸ்ட் கோஸ்டின் ரூக்கிப் பட்டியலில் இடம்பிடித்தார். 2006-ல் சுபியாகோவுக்கு ஆடி வெஸ்ட் ஆஸ்திரேலிய லீக்கின் உயரிய விருதான சாண்டோவர் பதக்கம், 2014-ல் பிரவுன்லோ. ஜிலாங்கின் டாம் ஸ்டூவர்ட் உள்ளூர் சவுத் பார்வன் கிளப்பில் ஆடியவர். 2016-ல் 40-வது பிக்காக எடுக்கும்போது அவருக்கு 23 வயது. அடுத்த சீசன் முதல் சுற்றிலேயே இறங்கினார், பிறகு பலமுறை ஆல்-ஆஸ்திரேலியன். ரிச்மண்டின் மார்லியன் பிக்கெட் கதை ஊருக்கே தெரியும். வெஸ்ட் ஆஸ்திரேலிய லீக்கில் சவுத் ஃப்ரீமேன்டிலுக்கு ஆடிக்கொண்டிருந்தவரை 2019 மிட்-சீசன் டிராஃப்டில் எடுத்தார்கள். 27 வயதில் அவருடைய முதல் ஏ.எஃப்.எல் ஆட்டமே கிராண்ட் ஃபைனல். 1952-க்குப் பிறகு அப்படி அறிமுகமானவர் அவர்தான். அன்று 22 முறை பந்தைக் கையாண்டு ஒரு கோலும் போட்டார். நான் டிவி முன்னால் எழுந்து நின்று கத்தியதில் தூங்கிக்கொண்டிருந்த மகன் எழுந்து வந்து, "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டான்.

21, 22 வயது ஆட்டக்காரனைப் பார்ப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. அவன் வளர்ந்த ஆள்களோடு ஆடுகிறான். இளைஞர் லீக்கில் நாம் பாதி ஊகிக்கிறோம், வி.எஃப்.எல்லில் 28 வயது உடம்பு ஒன்று அவன் மேல் மோதுவதை நேரடியாகப் பார்க்கிறோம். ஹாதார்னின் ஜாய் நியூகோம் 2021 மிட்-சீசன் டிராஃப்டில் வி.எஃப்.எல் அணியான பாக்ஸ் ஹில்லிலிருந்து வந்தார். முதல் ஆட்டத்திலேயே 14 டேக்கிள் (பந்து வைத்திருக்கும் எதிராளியைப் பிடித்து மடக்குவது), அறிமுக ஆட்டத்துக்கு அது சாதனை. பாக்ஸ் ஹில்லில் அவர் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்காது.

2020 வந்தபோது இந்த மறைப்பு ஒரு மாநிலத்தையே மூடிவிட்டது. கொரோனாவால் விக்டோரியாவில் இளைஞர் லீக் சீசன் முழுக்க நடக்கவில்லை. ஒரு வருடப் பையன்கள் அத்தனை பேரையும் 17 வயதுப் பழைய வீடியோவை வைத்துத்தான் மதிப்பிட வேண்டியிருந்தது. அந்த வருடம் வீட்டுத் தோட்டத்தில் எடை தூக்கியும் தெருவில் தனியாக ஓடியும் உடம்பை வளர்த்த பையன்களை யார் பார்த்தார்கள்? 2021-ல் 19 வயதுக்காரர்களையும் அந்த லீக்கில் ஆட அனுமதித்தபோது நான் அவர்களை மட்டும் குறிவைத்துப் போனேன். என் சிபாரிசுகளில் நன்றாக வந்தவர்கள் அதிகம் பேர் அந்த ஒரு வருடத்துப் பையன்கள்தான்.

தாமதமாக ஆட்டத்துக்கு வந்தவர்களையும் விடக் கூடாது. கென்யாவின் காக்குமா அகதி முகாமில் பிறந்த அலீர் அலீர் பதின்ம வயதில்தான் ஃபுட்டிக்கு வந்தார். சிட்னி அணி 2013-ல் 44-வது பிக்கில் எடுத்தது, 2021-ல் போர்ட் அடிலெய்டுக்கு ஆடி ஆல்-ஆஸ்திரேலியன் ஆனார். ஜிலாங்கின் மார்க் பிளிகாவ்ஸ் ஸ்டீபிள்சேஸ் ஓட்டக்காரர், 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்கு முயன்றவர். ரூக்கியாக வந்து 2022-ல் கோப்பை வாங்கினார். ஆறு வயதிலிருந்து ஆடியவன் 17-ல் எட்டிய உயரத்தை மூன்று வருடமே ஆடியவன் எட்டியிருந்தால், யார் இன்னும் மேலே போவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். டாண்டினாங், பெரிக் பக்கம் இப்போது நம் ஊர்ப் பிள்ளைகளும் நிறையப் பேர் 12, 13 வயதில் இந்தப் பந்தை முதல் தடவையாகத் தொடுகிறார்கள். அவர்களின் அப்பா அம்மாவிடம் நான் சொல்வது இதைத்தான்: தாமதமாகிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள்.

சரி, மைதானத்தில் எப்படிப் பார்ப்பது?

கூரைக்குக் கீழே நிற்காதீர்கள். அங்கே பேச்சு அதிகம், ஒருவர் கருத்து இன்னொருவருக்குத் தொற்றும். கோல் கம்பத்துக்குப் பின்னால் நில்லுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பந்து தெரியும், பின்னாலிருந்து பார்த்தால் பந்து வருவதற்கு முன் யார் எங்கே நகர்கிறார்கள் என்பது தெரியும். ஒரு ஆட்டத்தில் ஒரு ஆட்டக்காரனிடம் பந்து இருப்பது மொத்தமாகச் சில நிமிடங்கள்தான். மீதி நேரம் முழுக்க அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் மறைந்திருக்கும் திறமை இருக்கிறது. அதனால் ஒரு குவார்ட்டர் முழுவதும் பந்தை விட்டுவிட்டு ஒரே ஆளைப் பார்ப்பேன். முதலில் கழுத்து தானாகப் பந்தின் பக்கம் திரும்பும். பழக மூன்று மாதமாவது ஆகும்.

தப்புக்குப் பிறகு வரும் பத்து விநாடியைப் பாருங்கள். தன் தப்பும் சரி, சக ஆட்டக்காரனின் தப்பும் சரி. அந்த 42-ம் எண் பையன் கற்றுக்கொடுத்தது இது. எனக்குத் தெரிந்து வேறு எந்த அளவுகோலையும்விட இதை நம்புகிறேன்.

எண்களைக் கடைசியில் பாருங்கள். அறிக்கையை எழுதி முடித்த பிறகுதான் புள்ளிவிவரத் தாளைத் திறப்பேன். 30 தடவை பந்து தொட்டான் என்று தாள் சொல்லும். அதில் 18 தடவை நின்ற இடத்தில் யாரோ கொடுத்ததை வாங்கி வேறு யாருக்கோ ஹேண்ட்பாலில் (கையால் குத்திக் கொடுப்பதில்) தள்ளிவிட்டது என்பதைத் தாள் சொல்லாது. ஒன்பதே தடவை தொட்ட பின்வரிசைப் பையன், அந்த ஒன்பதிலும் எதிரணியின் கோலைத் தடுத்திருக்கலாம். தோற்கும் அணியின் பின்வரிசை, நல்ல கண்ணுள்ளவனுக்கு ஒரு புதையல். பந்து அங்கேயே வந்து விழுந்துகொண்டிருப்பதால் ஒரே மதியத்தில் அவனை 40 தடவை சோதித்துப் பார்த்துவிடலாம்.

டிராஃப்டுக்கு முன் நடக்கும் உடல் சோதனைகளில் நானே ஏமாந்தவன், அதனால் இதைச் சொல்கிறேன். 20 மீட்டர் ஓட்டம், நின்றபடி எழும்பும் குதிப்பு, 2 கிலோமீட்டர் ஓட்டம் என்று எல்லாம் அளப்பார்கள். 20 மீட்டரை மூன்று விநாடிக்குள் ஓடினால் கண்கள் விரியும். ஒரு வருடம் குதிப்பில் அசத்திய ஒரு பையனுக்காக நான் விடாமல் வாதாடினேன். நாலு ஆட்டம் பார்த்திருந்தும், நாலிலும் அவன் பந்து விழும் இடத்தைத் தப்பாகவே கணித்ததை என் குறிப்புகளே சொல்லியிருந்தும், குதித்த உயரம் என் கண்ணை மறைத்தது. அவன் வந்தான், எங்கள் அணியில் ஒரு சீசன் தவித்தான், போய்விட்டான். அவனுக்கும் அது நல்லதில்லை. நம் தவறான சிபாரிசு ஒரு பிள்ளையின் ஒரு வருடம். அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் இப்போது எழுதுகிறேன். சோதனை எண் கண் பார்த்ததை உறுதிப்படுத்தினால் சரி. கண் பார்க்காத ஒன்றை எண் மட்டும் சொன்னால், மறுபடி போய் ஆட்டத்தைப் பாருங்கள்.

மூன்று தடவை பார்க்காமல் "வேண்டாம்" என்று எழுதாதீர்கள். ஒன்று நல்ல வெயிலில், ஒன்று மழையில், ஒன்று அவன் அணி மோசமாகத் தோற்கும் நாளில். மூலையில் எழுதும் குறிப்புகளுக்கு இப்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனிப் பட்டியல் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வியாழக்கிழமை இரவும் அதைத் திறந்து, சனிக்கிழமை எந்த ஊர் என்று முடிவு செய்வேன். முன்னெல்லாம் பெரிய பெயர்கள் எங்கே ஆடுகின்றன என்று பார்த்து முடிவு செய்வேன்.

அப்புறம், பேசுங்கள். பயிற்சியாளரிடம் எல்லோரும் பேசுவார்கள். நான் தண்ணீர் கொண்டு ஓடுபவரிடமும், ஜெர்சி துவைப்பவரிடமும், கட்டுப் போடுபவரிடமும் பேசுவேன். நானும் தண்ணீர் பாட்டில் சுமந்தவன்தான். அங்கே என்னென்ன தெரியும் என்பது எனக்குத் தெரியும். கிப்ஸ்லேண்டில் ஒரு கிளப்பில் ஒரு அம்மா சொன்னார்: அந்தப் பையன் காலையில் பண்ணையில் பால் கறந்துவிட்டு 80 கிலோமீட்டர் காரில் வந்து பயிற்சி செய்கிறான் என்று. அவன் நாலாவது குவார்ட்டரில் துவண்டுபோவதைப் பார்த்து "ஸ்டாமினா இல்லை" என்று எழுதவிருந்தேன். தூக்கம் இல்லை என்பதுதான் உண்மை. தொழில்முறை கிளப்பில் அவனுக்கு முதலில் கிடைக்கப் போவது நல்ல தூக்கம். விலகக்கூடிய மறைப்பு என்று கட்டத்தில் எழுதினேன்.

டிராஃப்ட் இப்போது இரண்டு இரவாக நடக்கிறது. முதல் இரவு முதல் சுற்று: மேடை, விளக்கு, கேமரா. இரண்டாவது இரவுதான் எங்களுடையது. போன நவம்பரில் நான் சிபாரிசு செய்திருந்த ஒரு பையனின் வீட்டில் அந்த இரவு இருந்தேன். டிசம்பரில் பிறந்தவன், வளர்ந்துகொண்டிருக்கும் ரக்மேன். வரவேற்பறையில் தாத்தா பாட்டி, சித்தப்பா குடும்பம், பக்கத்து வீட்டுக்காரர்கள். மேசையில் கேக், யாரும் வெட்டவில்லை. 40 தாண்டியது, 50 தாண்டியது. ஒரு கிளப் தன் முறை வந்ததும் "பாஸ்", அதாவது யாரும் வேண்டாம், என்றது, அடுத்த கிளப்பும் பாஸ். பையன் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தாத்தாவுக்குத் தண்ணீர் எடுத்து வரப் போனான். முடிந்துவிட்டது. ரூக்கி டிராஃப்டிலும் கூப்பிடவில்லை.

மறுநாள் இரவு அவன் அம்மா போன் செய்தார். அழுகை இல்லை, குரல் மட்டும் தேய்ந்திருந்தது. "இனி என்ன செய்ய வேண்டும், நேராகச் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். வி.எஃப்.எல் அணிகள் கோடைப் பயிற்சியைத் தொடங்கிவிட்டன, எங்கள் கிளப்பில் அவனுக்கு ஒரு இடம் கேட்டு வைத்திருக்கிறேன். டிசம்பரில் அவனுக்கு 18 ஆகிறது, ஏப்ரலுக்குள் இன்னும் நாலைந்து கிலோ ஏற வேண்டும், அதற்கான சாப்பாட்டுத் தாளை அனுப்புகிறேன். மே மாதக் கடைசியில் மிட்-சீசன் டிராஃப்ட், அதுவரை எட்டு ஆட்டமாவது ஆளோடு ஆள் மோதி ஆட வேண்டும். அதிலும் வரவில்லை என்றால் அடுத்த நவம்பரில் அவனுக்கு 18 வயது 11 மாதம்தான், ஜனவரியில் பிறந்த பையன்கள் முதல் தடவை டிராஃப்டுக்கு வரும் ஏறக்குறைய அதே வயது. அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குப் பயிற்சி. ஐந்தரைக்கே போய்விட்டேன். மைதானத்தில் யாரும் இல்லை, தூரத்துக் கம்பத்தடியில் ஒரே ஒரு நெடிய உருவம் பந்தை மேலே எறிந்து குதித்துப் பிடித்துக்கொண்டிருந்தது. நோட்டைத் திறந்து அவனுக்கு ஒரு புதுப் பக்கம் போட்டேன்.